20 வருஷ அனுபவம் இருந்தாலும் 6 மாசத்துக்கு ஒரு பரீட்சை! பைலட்களின் 'எட்டு' ஏன் நம் உயிர்ப் பிரச்னை?

எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினீர்களே, அதற்குப் பிறகு யாராவது உங்களைக் கூப்பிட்டு, "எங்கே, இன்னொரு தடவை எட்டு போட்டுக் காட்டுங்க" என்று கேட்டிருக்கிறார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். ஒருமுறை ஆர்.டி.ஓ ஆபீஸ் வாசலைத் தாண்டிவிட்டால், அதன் பிறகு நம் ஓட்டும் திறமையை யாரும் சோதிப்பதில்லை.

விமானிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. 20 வருடமாகப் பறக்கும் சீனியர் கேப்டனாக இருந்தாலும் சரி, போன வருடம் சேர்ந்த ஃபர்ஸ்ட் ஆபீசராக இருந்தாலும் சரி, சுமார் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சிமுலேட்டருக்குள் போய் உட்கார்ந்து, 'நான் இன்னும் ஓட்டத் தகுதியானவன்தான்' என்று நிரூபித்தாக வேண்டும். தேறவில்லையா? மறுபயிற்சி எடுத்துத் தேறும்வரை பயணிகள் விமானத்தை ஓட்ட முடியாது. இதைத்தான் 'ரெக்கரன்ட் ட்ரெய்னிங்' என்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால், திரும்பத் திரும்ப எட்டு போடுவது.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து 260 பேர் இறந்த பிறகு, விமானம் ஏறும்போது வயிற்றில் ஒரு கலக்கம் பலருக்கும் வருகிறது. அந்த விபத்துக்குக் காரணம் என்ன என்று முதற்கட்ட அறிக்கையை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதுவது நம் வேலையில்லை. ஆனால், 'இதை ஓட்டுறவங்களுக்கு யார் பரீட்சை வைக்கிறாங்க, ஒழுங்கா வைக்கிறாங்களா?' என்று கேட்கும் உரிமை டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் இருக்கிறது. அந்தக் கேள்விக்கான பதில் கொஞ்சம் நிம்மதியும் தரும், கொஞ்சம் கோபமும் தரும்.

அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கும்?

வெளியிலிருந்து பார்த்தால் நீளமான கால்கள் வைத்த ஒரு பெரிய வெள்ளைப் பெட்டி. உள்ளே போனால் அச்சு அசல் காக்பிட். ஒவ்வொரு ஸ்விட்சும் நிஜ விமானத்தில் இருக்கும் அதே இடத்தில் இருக்கும். ஜன்னலுக்கு வெளியே ஓடுபாதை, மேகம், மழை எல்லாம் திரையில் ஓடும். விமானம் சாய்ந்தால் பெட்டியும் சாயும். ஒரு செஷன் சுமார் நான்கு மணி நேரம்.

பின்னால் பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பார். அவர் கையில் ஒரு டச் ஸ்கிரீன். அதில் ஒரு பட்டனைத் தட்டினால் வலது இன்ஜினில் தீப்பிடிக்கும். இன்னொன்றைத் தட்டினால் 35,000 அடி உயரத்தில் கேபின் காற்றழுத்தம் போய்விடும். ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, 'இனிமேல் பிரேக் போட்டால் நிற்காது, பறந்தே ஆகணும்' என்கிற வேகத்தைத் தொடும் நொடியில் ஒரு இன்ஜினை அணைத்துவிடுவார். ஒற்றை இன்ஜினோடு மேலே போய், சுற்றிவந்து, பத்திரமாக இறக்கிக் காட்ட வேண்டும்.

முதல் சில நொடிகளில் செய்யவேண்டியவை மனப்பாடமாக இருக்க வேண்டும். அதன் பிறகு செக்லிஸ்ட் புத்தகம். ஒருவர் படிக்க, மற்றவர் செய்ய, இருவரும் சரிபார்க்க வேண்டும். யார் ஓட்டுகிறார், யார் கண்காணிக்கிறார், யார் கன்ட்ரோல் டவரோடு பேசுகிறார் என்று எல்லாவற்றுக்கும் எழுதிவைத்த நடைமுறை உண்டு. அதைத்தான் எஸ்.ஓ.பி என்கிறார்கள்.

சரி, நவீன இன்ஜின்கள் அவ்வளவு சுலபமாகக் கெட்டுப்போவதில்லையே, பிறகு எதற்கு இத்தனை பாடு? காரணமே அதுதான். நிஜ வாழ்க்கையில் ஓர் இன்ஜின்கூட அணைந்து பார்க்காமல் ரிட்டயர் ஆகும் விமானிகள் நிறைய பேர் உண்டு. அனுபவம் சொல்லித்தராத பாடத்தை சிமுலேட்டர்தான் சொல்லித்தர வேண்டும்.

பழகாத கை மறந்துபோகும்

இதற்கு உலகம் கொடுத்த விலை என்ன என்று தெரிந்துகொள்ள, 2009 ஜூன் 1-க்குப் போக வேண்டும். ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிஸ் போய்க்கொண்டிருந்த ஏர் பிரான்ஸ் 447. அட்லான்டிக் கடலுக்கு மேலே நள்ளிரவு. வேகத்தை அளக்கும் குழாய்களில் பனித்துகள்கள் அடைத்துக்கொண்டன. வேக அளவு தாறுமாறாகக் காட்டியதும், 'எனக்குப் புரியல, நீயே பார்த்துக்கோ' என்பதுபோல ஆட்டோபைலட் விலகிக்கொண்டது.

விமானத்தில் வேறு எந்தக் கோளாறும் இல்லை. இன்ஜின்கள் நன்றாக ஓடின. மூக்கை அதே கோணத்தில், பவரை அதே அளவில் வைத்திருந்தாலே போதும். அந்தக் குழாய்கள் ஒரு நிமிடத்துக்குள் சரியாகிவிட்டன. ஆனால், ஓட்டிய துணை விமானி பதற்றத்தில் ஸ்டிக்கைப் பின்னுக்கு இழுத்தார். மூக்கு மேலே தூக்கியது, வேகம் குறைந்தது, இறக்கைகள் விமானத்தைத் தாங்கும் சக்தியை இழந்தன. இதை 'ஸ்டால்' என்பார்கள். ஸ்டாலில் இருந்து மீள மூக்கைக் கீழே இறக்க வேண்டும். அவர் பெரும்பாலும் இழுத்துக்கொண்டே இருந்தார். ஸ்டால் எச்சரிக்கை அலறியது. ஓய்வறையிலிருந்து கேப்டன் ஓடிவந்தும் என்ன நடக்கிறது என்று மூவருக்கும் பிடிபடவில்லை. ஆட்டோபைலட் விலகியதிலிருந்து கடலில் மோதியதுவரை 4 நிமிடம் 23 விநாடி. 228 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

2012-ல் வந்த பிரெஞ்சு விசாரணை அறிக்கையில் ஒரு விஷயம் மனதைப் பிசையும். அந்த உயரத்தில், ஆட்டோபைலட் இல்லாமல் கையால் ஓட்டுவதற்கும், வேக அளவு நம்பமுடியாமல் போகும்போது சமாளிப்பதற்கும் அந்தத் துணை விமானிகளுக்குப் பயிற்சி தரப்படவே இல்லை. கற்றுத்தராத பாடத்தில், இருட்டில், முன்னறிவிப்பில்லாமல் பரீட்சை வைத்தால் யார்தான் பாஸ் ஆவார்கள்?

அதன் பிறகு பாடத்திட்டம் மாறியது. விமானம் நிலைகுலைந்தால் மீட்பது எப்படி, முழு ஸ்டாலிலிருந்து வெளியே வருவது எப்படி என்பதெல்லாம் உலகம் முழுக்க சிமுலேட்டர் பயிற்சிக்குள் வந்தன. விமானப் பயிற்சியில் இருக்கும் பல பாடங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு விபத்தின் தேதி இருக்கிறது.

'முக்கிய வினா' படித்து பாஸ் ஆனால்?

பரீட்சை இருந்தால் மட்டும் போதுமா? தைவானைப் பாருங்கள். 2015 பிப்ரவரி 4, தைபேயிலிருந்து புறப்பட்ட ட்ரான்ஸ்ஏசியா 235. ஏறிய கொஞ்ச நேரத்தில் ஓர் இன்ஜின் செயலிழந்தது. இரண்டு இன்ஜின் விமானம், ஒன்றை வைத்துக்கொண்டே தாராளமாகப் பறக்கலாம். ஆனால், கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்னோர் இன்ஜினை அணைத்துவிட்டார். தப்பான பக்கத்தை இழுத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தபோது நேரம் கடந்துவிட்டது. மேம்பாலத்தை உரசிக்கொண்டு விமானம் ஆற்றில் விழும் அந்த டேஷ்கேம் வீடியோ உங்கள் டைம்லைனிலும் வந்திருக்கலாம். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள்.

விசாரணையில் தெரியவந்தது இது: அந்த கேப்டன் 2014-ல் கேப்டன் பதவிக்கான சிமுலேட்டர் தேர்வில் ஒருமுறை தோற்றிருக்கிறார். புறப்படும்போது இன்ஜின் அணைந்தால் என்ன செய்வது என்பதில் அவர் தடுமாறியதும் அதற்கு ஒரு காரணம். அடுத்த மாதமே மறுதேர்வில் தேறி, கேப்டன் ஆகிவிட்டார். விபத்துக்குப் பிறகு அந்த நிறுவனத்தின் விமானிகளுக்கு அரசு வாய்மொழித் தேர்வு வைத்தபோது, 10 பேர் தேறவில்லை. அதுவரை அவர்கள் எல்லோரும் 'பாஸ்' ஆகிப் பறந்துகொண்டிருந்தவர்கள்தான்.

இது நமக்கு ரொம்பப் பழக்கமான வியாதி. பப்ளிக் எக்ஸாமுக்கு 'முக்கிய வினாக்கள்' மட்டும் படித்துவிட்டுப் போகிறோமே, அதே கதை. இன்ஜின் எந்த நொடியில் அணையும், அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்த நான்கு மணி நேரத்தை யாரும் ஓட்டிவிடுவார்கள். நிஜத்தில் ஆபத்து வினாத்தாள் கொடுத்துவிட்டு வருவதில்லை.

அதனால்தான் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2013-ல் புதிய பயிற்சி முறைக்கு வழிகாட்டி வெளியிட்டது. நிஜ விமானங்களில் நடக்கும் தவறுகளின் தரவுகளை வைத்துப் பாடத்தை அமைக்க வேண்டும், ஒரே பட்டியலைத் திரும்பத் திரும்ப டிக் அடிக்காமல், எதிர்பாராத சூழலைக் கொடுத்து விமானி எப்படி யோசிக்கிறார், பக்கத்தில் இருப்பவரோடு எப்படிப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம்.

நம்ம ஊர் நிலவரம்: மூன்று அபராதங்கள்

இந்தியாவில் இதைக் கண்காணிப்பது டி.ஜி.சி.ஏ என்கிற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். கடந்த சில வருடங்களில் அது எடுத்த மூன்று நடவடிக்கைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

முதலாவது, 2022 ஏப்ரல். ஸ்பைஸ்ஜெட்டின் 90 விமானிகளை போயிங் 737 மேக்ஸ் ஓட்டக்கூடாது என்று டி.ஜி.சி.ஏ நிறுத்தியது. காரணம், அவர்கள் பயிற்சி எடுத்த சிமுலேட்டரில் 'ஸ்டிக் ஷேக்கர்' வேலை செய்யவில்லை. விமானம் ஸ்டாலை நெருங்கும்போது விமானியின் கையில் இருக்கும் கன்ட்ரோலைக் கடகடவென்று உலுக்கி எச்சரிக்கும் கருவி அது. அந்த விமானிகள் மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும் என்று உத்தரவு. நிறுவனத்துக்கு அபராதம் 10 லட்சம் ரூபாய்.

இங்கே ஒரு ஃப்ளாஷ்பேக் அவசியம். இதே மேக்ஸ் ரக விமானங்கள்தான் 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும், 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் விழுந்து 346 பேரைப் பலிகொண்டன. இரண்டிலும் கேப்டனின் ஸ்டிக் ஷேக்கர் விடாமல் உலுக்கிக்கொண்டிருந்தது. பழைய 737 ஓட்டியவர்களுக்கு மேக்ஸ் ஓட்ட சிமுலேட்டர் பயிற்சியே வேண்டாம், கணினியில் ஒரு சின்ன கோர்ஸ் போதும் என்று சொல்லித்தான் போயிங் அதை விற்றது. சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானத்துக்கு 10 லட்சம் டாலர் தள்ளுபடி தருவதாக ஓர் அமெரிக்க நிறுவனத்துக்கு வாக்குக் கொடுத்ததும் பிறகு வெளியே வந்தது. அத்தனைக்கும் பிறகு கட்டாயமாக்கப்பட்ட சிமுலேட்டர் பயிற்சி, இங்கே பழுதான கருவியோடு நடந்திருக்கிறது.

இரண்டாவது, 2023 பிப்ரவரி. அப்போது ஏர்ஏசியா இந்தியா என்ற பெயரில் இயங்கிய நிறுவனத்துக்கு 20 லட்சம் அபராதம். விமானிகளின் திறன் சோதனையில் கட்டாயமாகச் செய்யவேண்டிய சில பயிற்சிகள் செய்யப்படவில்லை என்பது குற்றச்சாட்டு. சோதனை நடத்திய எட்டு தேர்வாளர்களுக்கும் தலா 3 லட்சம். பயிற்சித் தலைவர் மூன்று மாதம் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

மூன்றாவது, 2025. இண்டிகோவுக்கு 20 லட்சம் அபராதம். லே, காத்மாண்டு, கோழிக்கோடு போன்ற சவாலான விமான நிலையங்களுக்கான பயிற்சியை, அதற்குத் தகுதிச் சான்று இல்லாத சிமுலேட்டர்களில் கொடுத்தார்கள் என்று டி.ஜி.சி.ஏ சொன்னது. நோட்டீஸில் சுட்டப்பட்ட விமானிகள் சுமார் 1,700 பேர். இந்த உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்போவதாக இண்டிகோ அறிவித்தது.

20 லட்சத்தை 1,700-ஆல் வகுத்துப் பாருங்கள். தலைக்கு 1,200 ரூபாய்கூட வரவில்லை. தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாமல் பைக் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். 2024-25 நிதியாண்டில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் லாபம் பார்த்த நிறுவனத்துக்கு, இந்த 20 லட்சம் வலிக்குமா?

கோழிக்கோடு ஏன் ஸ்பெஷல்?

'ஒரு ஏர்போர்ட்டுக்குத் தனிப் பயிற்சி எதுக்கு?' என்று தோன்றலாம். கோழிக்கோடு ஓடுபாதை மலையுச்சியைச் சீவி அமைத்த டேபிள்டாப் வகை. தாண்டிப் போனால் பள்ளம்தான்.

2020 ஆகஸ்ட் 7, கொட்டும் மழை. துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் 8,858 அடி ஓடுபாதையில் 4,438-வது அடியில்தான் தரையைத் தொட்டது. பாதி ஓடுபாதை அதற்குள் முடிந்துவிட்டது. விமானம் பள்ளத்தில் விழுந்து உடைந்தது. இரண்டு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை சொன்ன காரணம், எஸ்.ஓ.பி மீறல். நிலைப்படாத இறக்கத்தை கேப்டன் தொடர்ந்தார். 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் மேலே போய்விடலாம் என்று துணை விமானி சொல்லியும் இறக்கினார். அப்போது கன்ட்ரோலைத் தன் கைக்கு எடுத்திருக்க வேண்டிய துணை விமானி எடுக்கவில்லை என்பதையும் அறிக்கை குறிப்பிட்டது.

அதற்குப் பத்து வருடம் முன்பு, 2010 மே 22-ல் மங்களூரு விபத்து. அதுவும் டேபிள்டாப். இறந்தவர்கள் 158 பேர். அங்கேயும் துணை விமானி மூன்று முறை 'கோ அரவுண்ட்' சொன்னார். கேப்டன் கேட்கவில்லை.

பெரியவர் தப்பு செய்யும்போது சின்னவர் எப்படிச் சொல்வது? நம் வீட்டிலும் ஆபீஸிலும் திணறும் இதே விஷயம்தான் காக்பிட்டில் உயிரை எடுக்கிறது. 'சார், கொஞ்சம் பார்க்கலாமா?' என்று இழுக்காமல், கேப்டன் கேட்காவிட்டால் கன்ட்ரோலைக் கையில் எடுக்கும் தைரியத்தையும், ஜூனியர் சொன்னால் ஈகோ பார்க்காமல் கேட்கும் பக்குவத்தையும் பயிற்சியில்தான் கொண்டுவர முடியும். புத்தகத்தில் படித்து வராது. சிமுலேட்டரில் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினால்தான், நிஜத்தில் வாய் திறக்கும்.

எங்கே இடிக்கிறது?

சிமுலேட்டருக்குள் இருக்கும் விமானி, அன்றைக்கு டிக்கெட் விற்ற விமானத்தை ஓட்டமாட்டார். நிறுவனத்தின் கணக்கில் அது 'வருமானம் இல்லாத நாள்'. விமானிகள் எண்ணிக்கை இறுக்கமாக இருக்கும்போது, முதலில் கத்தி விழுவது ஓய்வு மேலும் பயிற்சி மேலும்தான்.

எவ்வளவு இறுக்கம் என்று 2025 டிசம்பரில் பார்த்தோம். வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணி நேரமாக்கி, இரவு நேரத் தரையிறக்கங்களைக் குறைத்த விதிகள் திடீரென்று வானத்திலிருந்து குதிக்கவில்லை. 2024 ஜனவரியிலேயே அறிவிக்கப்பட்டவை. ஆனாலும் தேவையான அளவு விமானிகள் இல்லாமல் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. ஏர்போர்ட் தரையில் பெட்டியோடு படுத்துக்கிடந்த பயணிகளை மறந்திருக்க மாட்டோம்.

இன்னொரு பக்கம், 2023-ல் மட்டும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்திருக்கின்றன. விமானத்தை ஆர்டர் கொடுத்து வாங்கிவிடலாம். அனுபவமுள்ள பயிற்சியாளரை அப்படி வாங்க முடியாது. கண்காணிக்க வேண்டிய டி.ஜி.சி.ஏ-விலோ கிட்டத்தட்ட பாதிப் பணியிடங்கள் காலி என்று 2025-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கவலை தெரிவித்தது. தேர்வு எழுதுபவர்கள் கூடிக்கொண்டே போக, ஹால் சூப்பர்வைசர் பாதிப் பேர் லீவு என்றால் எப்படி இருக்கும்?

379 பேர் தப்பித்த அந்த 18 நிமிடம்

ஒழுங்காகச் செய்த பயிற்சி என்ன தரும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2024 ஜனவரி 2, டோக்கியோவின் ஹனேடா விமான நிலையம். தரையிறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. சிறிய விமானத்தில் இருந்த ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். பெரிய விமானத்திலோ 379 பேர். அறிவிப்பு ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை. கேபின் ஊழியர்கள் மெகாபோனிலும் வெறும் குரலிலும் கத்தினார்கள். எந்தக் கதவுக்கு வெளியே நெருப்பு இருக்கிறது என்று பார்த்து, எட்டுக் கதவுகளில் மூன்றை மட்டும் திறந்தார்கள். 18 நிமிடங்களில் 379 பேரும் வெளியே. கேப்டன் கடைசி ஆள்.

அந்த நிறுவனம் 1985-ல் ஒரே விபத்தில் 520 உயிர்களை இழந்தது. அந்த விமானத்தின் சிதைந்த பாகங்களை ஒரு மையத்தில் வைத்து, தன் ஊழியர்களுக்கு இன்றும் காட்டிக்கொண்டிருக்கிறது. 'இந்தப் பயிற்சி வெறும் ஃபார்மாலிட்டி' என்று அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் யாரும் நினைக்க மாட்டார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

* இறங்கப் போன விமானம் சட்டென்று மறுபடி மேலே ஏறினால், திட்டாதீர்கள். அது 'கோ அரவுண்ட்'. மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் நடக்காமல் போனது அதுதான்.

* 'விமானியின் பணிநேரம் முடிந்துவிட்டது, அதனால் தாமதம்' என்று அறிவித்தால், கோபத்தை கவுன்டர் ஊழியர்மீது காட்டாதீர்கள். கேள்வி கேட்கவேண்டியது ஆள் சேர்க்காத நிர்வாகத்தை.

* பாதுகாப்பு டெமோ நடக்கும் இரண்டு நிமிடம் ரீல்ஸை நிறுத்துங்கள். உங்கள் சீட்டிலிருந்து பக்கத்துக் கதவு எத்தனை வரிசை தள்ளி என்று எண்ணி வையுங்கள்.

* அவசரமாக வெளியேறச் சொன்னால் பையை எடுக்காதீர்கள். ஹனேடாவில் பெரும்பாலானோர் எடுக்கவில்லை. 379 பேரும் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அரசிடம் கேட்கவேண்டியவையும் உண்டு. பயிற்சிக் குறைபாட்டுக்கான அபராதம், செய்த மிச்சத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். எந்த நிறுவனத்தின் பயிற்சியில் என்ன குறை கண்டார்கள், அது சரிசெய்யப்பட்டதா என்பதை நாம் படிக்கும்படி டி.ஜி.சி.ஏ வெளியிட வேண்டும். ஹோட்டலுக்கு ஸ்டார் ரேட்டிங் பார்த்து, போனுக்கு ரிவ்யூ பார்த்து வாங்குகிற நாம், விமானத்துக்கு மட்டும் டிக்கெட் விலையையும் லெக் ஸ்பேஸையும்தான் ஒப்பிடுகிறோம். காக்பிட்டில் இருப்பவர் கடைசியாக எந்த சிமுலேட்டரில், எவ்வளவு ஒழுங்காகப் பரீட்சை எழுதினார் என்பதுதான் அந்த டிக்கெட்டில் இருக்கும் ஆகப்பெரிய விஷயம். அதை ஒப்பிட்டுப் பார்க்க, இப்போதைக்கு எந்த ஆப்பிலும் ஃபில்டர் இல்லை.